முப்புரியிலிருந்து இருபுரிக்கு

பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் முடிந்ததும் டி.என்.ஏ.வின் அமைப்பைப் படம் வரைந்து விளக்கச் சொன்னால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அழகாக எழுதிவிடுவார்கள். முறுக்கிய ஏணி, இருபுறமும் சர்க்கரையும் பாஸ்பேட்டும், நடுவில் படிகள், அடினைனுக்குத் தைமின், குவானைனுக்குச் சைட்டோசின். மதிப்பெண்ணும் முழுதாகக் கிடைத்துவிடும். அதே பிள்ளையிடம், "இந்த ஏணி உன் உடம்பில் என்ன வேலை செய்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "பண்புகளைக் கடத்துகிறது, சார்" என்பதற்கு மேல் ஒரு வரி வராது. ஏணி எப்படிப் பண்பைக் கடத்தும்? அந்த இடத்தில் பாடம் ஒரு தாவு தாவுகிறது. நாமும் சேர்ந்து தாவிவிடுகிறோம்.

அசோக் நகரில் அறிவியல் ஆசிரியராக இருக்கும் நான், சில ஆண்டுகளாக இந்தப் பாடத்தைத் தலைகீழாக நடத்தி வருகிறேன். ஏணியில் தொடங்குவதில்லை. புறங்கைத் தோலைக் கிள்ளி இழுத்துப் பார்க்கச் சொல்லித் தொடங்குகிறேன். எவ்வளவு மெல்லியது, ஆனால் இழுத்தால் கிழிவதில்லை. அந்த உறுதியைத் தருவது கொலாஜன் என்ற புரதம். தசைநாணிலும் எலும்பிலும் குருத்தெலும்பிலும் இருப்பது அதுதான். நம் உடம்பில் மிக அதிக அளவில் உள்ள புரதமும் அதுவே. நான் கொலாஜனைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. அதன் அமைப்பைக் கண்டறிந்தது ஏதோ ஒரு தூரதேசத்து ஆய்வகம் என்று சொல்ல வேண்டியதில்லை. அசோக் பில்லரில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய கிண்டியில் நடந்த வேலை அது.

1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக வந்தவர் ஜி.என். ராமச்சந்திரன். சர் சி.வி. ராமனின் மாணவர், அப்போது அவருக்கு வயது முப்பதுதான். அந்த ஆண்டு சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் அறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். கொலாஜனுக்கு அவர் வெகுதூரம் போகவில்லை. பதனிட்ட தோல் என்பதே பெரும்பகுதி கொலாஜன்தானே! அருகில் சர்தார் படேல் சாலையிலேயே இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து மாதிரிகள் கிடைத்தன. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து எக்ஸ் கதிர் படங்களை எடுத்து, பந்தும் குச்சியும் கொண்டு மாதிரிகளைக் கட்டிப் பார்த்து, 1954-இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார். மூன்று புரதச் சங்கிலிகள் சேர்ந்து ஒரே கயிறாக இருக்கின்றன என்பதுதான் அந்த முடிவு. அந்தச் சங்கிலிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்பதை அடுத்த ஆண்டு வெளியான கட்டுரை சேர்த்தது. வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளை அதே இதழில் வெளியிட்டது 1953 ஏப்ரலில். தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இன்றும் ஓர் அரங்கத்துக்கு 'டிரிபிள் ஹெலிக்ஸ்' என்று பெயர் உண்டு.

இதை வகுப்பில் காட்டத் தேங்காய் நார்க் கயிறு ஒரு முழம் போதும். நுனியைப் பிரித்தால் மூன்று புரிகள் தெரியும். முப்புரி என்ற சொல் தமிழில் முன்பே இருக்கிறது. பிள்ளைகளுக்குப் புதிதாக எதுவும் சொல்லித்தர வேண்டாம். ஒவ்வொரு புரியும் எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது, மூன்றும் சேர்ந்த கயிறு எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் எதிரெதிராக இருக்கும். அப்படி இருப்பதால்தான் கயிறு தானாகப் பிரிவதில்லை என்பது கயிறு திரிப்பவர்களுக்குத் தெரியும். கொலாஜனிலும் இதே கதைதான்: தனித்தனிச் சங்கிலி இடப்பக்கமாகச் சுழல்கிறது, மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக முறுக்கிக்கொள்கின்றன. (ஜடையை உதாரணம் காட்ட வேண்டாம். மூன்று கால் இருந்தாலும் அது பின்னல், முறுக்கு ஆகாது. ஒரு மாணவிதான் இதை எடுத்துச் சொன்னாள்.)

மூன்று புரிகளும் நெருங்கி நிற்க வேண்டுமானால் நடுவில் இடம் மிகக் குறைவு. அங்கே போய் நிற்கக்கூடிய அமினோ அமிலம் ஒன்றே ஒன்றுதான்: கிளைசின். அதன் பக்கக் கிளை ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு. சங்கிலி சுழலும்போது ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் நடுவுக்கு வருகிறது. ஆகவே ஒவ்வொரு மூன்றாவதும் கிளைசினாக இருந்தே தீர வேண்டும். நம் எலும்பிலும் தோலிலும் உள்ள முதல் வகைக் கொலாஜனின் ஒரு சங்கிலியில் இந்த முறை 338 தடவை இடைவிடாமல் வருகிறது.

சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு விமரிசனம் வந்தது. சொன்னவர்களில் ஒருவர், டி.என்.ஏ. புகழ் கிரிக். அவரும் அலெக்சாண்டர் ரிச்சும் சிறு திருத்தங்களுடன் மாதிரியை மாற்றிக் காட்டினார்கள். அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம் என்ற கேள்வியை ராமச்சந்திரன் விடவில்லை. அது 1963-இல் சசிசேகரன், சி. ராமகிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில் முடிந்தது. 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகம் முழுவதும் புரத ஆய்வாளர்கள் இன்றைக்கும் பயன்படுத்துவது அதைத்தான்.

இப்போதுதான் நான் பலகையில் கேள்வியை எழுதுவேன். 338 தடவை, ஒருமுறைகூடத் தவறாமல், மூன்றாவது இடத்தில் கிளைசினை வைப்பது யார்? செல்லுக்குக் கண் கிடையாது, கணக்குத் தெரியாது. எங்கோ எழுதி வைத்திருக்க வேண்டும். எங்கே?

இந்தக் கேள்விக்குப் பிறகு டி.என்.ஏ. படத்தைத் திறந்தால் பிள்ளைகள் அதைப் பார்க்கும் விதமே வேறாக இருக்கிறது. ஏணியின் பக்கவாட்டுச் சட்டங்கள், அதாவது சர்க்கரையும் பாஸ்பேட்டும், எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கின்றன. எனவே அதில் செய்தி எதுவும் எழுத முடியாது, அது வெறும் தாள். மாறி மாறி வருவது நடுவில் உள்ள காரங்கள் மட்டுமே. அவைதான் எழுத்துகள். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகள். இரண்டு சுருள்கள் எதற்கு? ஒன்றில் எழுதியிருப்பதைக் கொண்டு மற்றொன்றை எப்போதும் எழுதிவிடலாம். செல் பிரியும்போது படி எடுப்பதற்கும், ஒரு பக்கம் பழுதானால் மறுபக்கத்தைப் பார்த்துச் சரிசெய்வதற்கும் அதுதான் வழி. படிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் பிடித்திருப்பதும் காரணத்தோடுதான். ஏ–டிக்கு இரண்டு, ஜி–சிக்கு மூன்று. ஒவ்வொன்றும் வலுக்குறைந்தது, ஆகவே தேவையான இடத்தில் திறந்து படிக்க முடிகிறது. எல்லாம் சேர்ந்தால் வலுவானது, ஆகவே மற்ற நேரத்தில் திறந்துகொள்வதில்லை. ஒரு சுற்றுக்குப் பத்து படிகள், 3.4 நானோமீட்டர் என்பதெல்லாம் பாடநூலில் உள்ளதுதான். நான் அதில் அதிக நேரம் செலவிடுவதில்லை.

ஆர்.என்.ஏ.வுக்கு வரும்போது வீட்டுப் பத்திரம் கைகொடுக்கிறது. மூலப் பத்திரத்தை யாராவது வீடு கட்டும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்களா? அது பீரோவில் இருக்கும்; மேஸ்திரி கையில் ஜெராக்ஸ் இருக்கும். சிமெண்ட் கறை படியலாம், கிழியலாம், வேலை முடிந்ததும் தூக்கிப் போடலாம். டி.என்.ஏ. உட்கருவுக்குள் இருக்கிறது, தேவையான பக்கம் மட்டும் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்பட்டு வெளியே போகிறது. இரண்டுக்கும் உள்ள வேதியியல் வேறுபாடுகளை அட்டவணையாக மனப்பாடம் செய்யவைக்காமல், அவை இந்த வேலைக்கு எப்படிப் பொருந்துகின்றன என்று பார்க்கச் சொல்லலாம். ஆர்.என்.ஏ.வின் ரைபோஸ் சர்க்கரையில் ஓர் ஆக்சிஜன் அதிகம். அந்த ஓர் ஆக்சிஜன் அருகிலுள்ள பிணைப்பைத் தாக்கி உடைக்கக்கூடியது, அதனால் ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையும். தற்காலிக நகலுக்கு அது நல்லதுதான்.

டி.என்.ஏ.வில் யுராசில் இல்லாமல் தைமின் இருப்பது ஏன் என்று கேட்கும் பிள்ளை நிச்சயம் ஒன்று இருக்கும். சைட்டோசின் அவ்வப்போது தானாகவே சிதைந்து யுராசிலாக மாறிவிடுகிறது. டி.என்.ஏ.வில் யுராசில் முறைப்படி இருக்கும் எழுத்தாக இருந்தால், எது அசல், எது சிதைந்து வந்தது என்று செல்லுக்குத் தெரியாமல் போயிருக்கும். தைமின் இருப்பதால் யுராசில் கண்ணில் பட்டாலே பழுது என்று தெரிந்து வெட்டி எடுத்துவிடுகிறது. நெடுநாள் வைத்திருக்க வேண்டிய ஆவணத்துக்கு இந்தக் காவல் தேவை, ஜெராக்ஸுக்குத் தேவையில்லை.

ரைபோசோமில் தூது ஆர்.என்.ஏ.வை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அதற்குரிய அமினோ அமிலத்தைக் கடத்து ஆர்.என்.ஏ. கொண்டுவந்து சேர்க்கிறது. கிளைசினுக்கான குறியீடுகள் நான்கு: ஜி–ஜி–யு, ஜி–ஜி–சி, ஜி–ஜி–ஏ, ஜி–ஜி–ஜி. முதல் இரண்டும் ஜி என்றால் மூன்றாவது எதுவாக இருந்தாலும் கிளைசின்தான். ஏன் மூன்றாவது எழுத்தில் மட்டும் இவ்வளவு தாராளம்? இதற்கு அணு அளவில் விடை கண்டவர்களில் முக்கியமானவர், 1952-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ரைபோசோமின் சிறிய துணை அலகின் அமைப்பை அவர் குழு 2000-இல் வெளியிட்டது. 2009-இல் தாமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். குறியீடும் கடத்து ஆர்.என்.ஏ.வும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வே தொட்டுத் தடவிப் பார்க்கிறது. முதல் இரண்டு எழுத்துகளைக் கண்டிப்பாகச் சோதிக்கிறது, மூன்றாவதைச் சற்று விட்டுப்பிடிக்கிறது. (1963 கட்டுரையின் ராமகிருஷ்ணன் வேறு, இவர் வேறு. பிள்ளைகள் விடைத்தாளில் இருவரையும் ஒருவராக்கிவிடுவார்கள்.)

இன்னொரு குழப்பத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் பாடத்தில் 'மூன்று' மூன்று இடங்களில் வருகிறது: மூன்று புரி, மூன்றாவது அமினோ அமிலம், மூன்று எழுத்துக் குறியீடு. இவற்றுக்குள் தொடர்பு எதுவும் கிடையாது. புரி மூன்று என்பதால் எழுத்து மூன்று என்று யாராவது எழுதினால் அங்கேயே நிறுத்தித் திருத்த வேண்டும். டி.என்.ஏ. கணக்கில் பார்த்தால் ஒவ்வொரு ஒன்பது எழுத்துக்கும் ஒரு 'ஜி–ஜி' வருகிறது. மேல்நிலை வகுப்பு ஆசிரியர்களுக்காக ஒரு செய்தி: கொலாஜன் மரபணுவின் புரதம் எழுதும் பகுதிகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பல சரியாக 54 எழுத்து நீளம். மூன்றால் வகுத்தால் 18 அமினோ அமிலம், மறுபடி மூன்றால் வகுத்தால் 6 கிளைசின். பழைய சிறு துண்டு ஒன்று திரும்பத் திரும்பப் பெருகி உருவான மரபணு என்று அறிவியலாளர்கள் கருதுவதற்கு இதுவே காரணம்.

எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழிலேயே ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்: "தம்பி இன்று பாடம் எழுது." எல்லாம் மூன்றெழுத்துச் சொற்கள். இடைவெளி விடாமல் எழுதி, மூன்று மூன்றாகப் படிக்கச் சொல்வேன். பிறகு 'ம்' ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி மூன்று மூன்றாகப் படித்தால், 'தபிஇ ன்றுபா டம்எ ழுது' என்று வகுப்பே சிரிக்கும். ஓர் எழுத்து விடுபட்டால் அதன்பின் வருவதெல்லாம் குலைகிறது. எழுத்து விடுபடாமல் மாறினால்? 'பாடம்' என்பது 'பாலம்' ஆகிறது. ஒரு சொல் மட்டும் தவறு. மற்றவை அப்படியே இருக்கின்றன. பார்க்கச் சிறிய பிழை. கொலாஜனில் இந்தச் சிறிய பிழை என்ன செய்யும் என்பதுதான் இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய விஷயம்.

எங்கள் மாணவி ஒருத்திக்குச் சின்ன வயதிலிருந்து அடிக்கடி எலும்பு முறிந்துகொண்டே இருந்தது. 'ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா' என்று மருத்துவர்கள் பெயர் சொல்லிவிட்டார்கள். பிறக்கும் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கும் குறை இது. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவள் அம்மா நோயைப் பற்றிச் சொன்னதைவிட உறவினர் பேச்சைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். வயிற்றில் இருந்தபோது பால் குடிக்கவில்லை, கால்சியம் மாத்திரை சாப்பிடவில்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. எலும்பு என்றால் கால்சியம் என்று நம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது. கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சில நாள் வினிகரில் ஊறவைத்து, இடையில் வினிகரை மாற்றி, எடுத்துப் பாருங்கள். கால்சிய உப்பு கரைந்துபோன பிறகும் எலும்பின் வடிவம் அப்படியே இருக்கும், ரப்பர்போல வளையும். மிச்சமிருப்பது கொலாஜன். கால்சியம் கெட்டிப்பைத் தருகிறது. முறியாமல் தாங்குவது இந்தக் கயிறு.

இந்தக் குறை உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு முதல் வகைக் கொலாஜனை எழுதும் இரண்டு மரபணுக்களில் ஒன்றில்தான் மாற்றம் இருக்கும். ஒன்று 17-ஆம் குரோமோசோமில், மற்றொன்று 7-ஆம் குரோமோசோமில். ஜி–ஜி–யு என்பது ஏ–ஜி–யு ஆனால் கிளைசினுக்குப் பதில் செரின் வந்துவிடும். செரின் சிறியதுதான், ஆனால் ஒரு ஹைட்ரஜன் அணு நிற்கும் இடத்தில் அதற்கும் இடமில்லை. கயிறு திரிக்கும்போது புரிகளுக்கு நடுவே ஒரு கூழாங்கல் சிக்கினால் எப்படியோ அப்படி. முறுக்கு அங்கே தடுமாறுகிறது.

இங்கே ஒரு கணக்கு வருகிறது. கொலாஜன் கயிற்றின் மூன்று புரிகளில் இரண்டு 17-ஆம் குரோமோசோம் மரபணுவிலிருந்து வருபவை. அந்த மரபணுவின் இரண்டு நகல்களில் ஒன்றில் மட்டும் பிழை என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாணயங்களைச் சுண்டிவிடச் சொல்லுங்கள். தலை நல்ல புரி, பூ பிழையான புரி. இரண்டும் தலையாக விழுவது நான்கில் ஒரு முறை. அதாவது பாதி மரபணு நன்றாக இருந்தும் கயிறுகளில் முக்கால் பங்கு கெட்டுவிடுகிறது. அதே மரபணுவில் வேறோர் எழுத்து மாறி, தொடக்கத்திலேயே நிறுத்தக் குறியீடு வந்துவிட்டால்? அரைகுறைத் தூது ஆர்.என்.ஏ.வைச் செல் அழித்துவிடுகிறது, பிழையான புரி உருவாவதே இல்லை. கயிறு பாதி அளவுதான் கிடைக்கும், ஆனால் கிடைப்பது நல்ல கயிறு. அவர்களுக்கு நோய் பெரும்பாலும் மிதமாகவே இருக்கிறது. சொல்லே இல்லாமல் போவதைவிடத் தவறான சொல் அதிகம் கெடுக்கிறது என்பதைக் கேட்டு வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. அந்தக் கணக்கைப் பலகையில் போட்டு முடித்தது அந்த மாணவியேதான்.

பெற்றோர் இருவருக்கும் எந்தக் குறையும் இல்லாமல், கருமுட்டையிலோ விந்தணுவிலோ புதிதாக நேர்ந்த எழுத்துப் பிழையாகவும் இது வரலாம். யாருடைய உணவாலும் கவனக்குறைவாலும் வருவதில்லை. வேறு சில மரபணுக்களால் வரும் ஒடுங்கு வகைகளும் உண்டு. அவை நெருங்கிய உறவில் திருமணம் நடக்கும் குடும்பங்களில் அதிகம் தென்படும். இதைச் சொல்லும்போது வகுப்பில் பல வீடுகளில் அத்தை மகன், மாமா மகள் திருமணங்கள் இருக்கும் என்பதை நினைவில் வைத்துப் பேச வேண்டும். அந்த அம்மாவிடம் நான் கயிற்றையும் கூழாங்கல்லையும் காட்டித்தான் விளக்கினேன். மாமியாரிடம் காட்ட அந்தக் கயிற்றைக் கேட்டு வாங்கிப்போனார்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. சிறிய தடுக்கலுக்கே எலும்பு முறியும் பிள்ளையின் விழி வெண்மை சற்று நீலம் பாய்ந்திருந்தாலோ, காது மந்தமாக இருந்தாலோ, பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லிவிடுங்கள். முறிவுகளைக் குறைக்கச் சிகிச்சை இருக்கிறது. பாசத்தில்கூடக் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

கடைசியாக, எல்லாமே மரபணுவில் எழுதியிருக்கிறது என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடாமல் இருக்க வைட்டமின் சியைக் கொண்டுவருகிறேன். கொலாஜனில் ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மரபுக் குறியீட்டு அட்டவணையில் தேடினால் அது கிடைக்காது. புரோலின் என்றுதான் எழுதியிருக்கும். சங்கிலி உருவான பிறகு ஒரு நொதி அதில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. அந்த நொதி தொடர்ந்து வேலை செய்ய வைட்டமின் சி வேண்டும். கிடைக்காவிட்டால் உடல் வெப்பத்திலேயே முப்புரி பிரிந்துபோகும். ஈறில் இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் அப்படி வருவதுதான். மரபணு பிழையின்றி இருந்தும் கயிறு நிற்காது. நெல்லிக்காயும் கொய்யாவும் இந்த இடத்தில் பாடத்துக்குள் வருகின்றன. எட்டாம் வகுப்புக்கும் இந்தப் பகுதியை மட்டும் தனியாக எடுக்கலாம்.

எனக்கு இதற்கு ஆறு பாடவேளை ஆகிறது. எலும்பை ஒரு வாரம் முன்பே ஊறப்போட்டுவிடுங்கள். கயிறு வாங்கும்போது நுனியைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள். கடைகளில் இப்போது பின்னிய நைலான் கயிறு நிறைய வருகிறது. அதில் புரி கிடையாது.